சென்னை ரிச்சி தெரு நைலான் ஸ்க்ரூ: ராக்கெட் ஷியர் பின்னுக்குத் தேறுமா?

தேறும், எம்2 (2 மி.மீ. விட்டம்) கேட்டு வாங்கினால். ஷியர் பின் என்பது ராக்கெட்டின் மூக்குக் கூம்பைக் குழாயோடு பிடித்துவைத்து, பாராசூட் வெளிவர வேண்டிய நேரத்தில் அறுந்து விடுவிக்கும் பின். எம்3 வேண்டாம். எம்2 ஒன்று அறுபட ஏறக்குறைய 12 கிலோ விசை போதும்; எம்3க்கு அதைப்போல் இரண்டரை மடங்கு. 75 மி.மீ. குழாயில் 120 பாகை இடைவெளியில் மூன்று எம்2 போட்டால், கூம்பைத் தள்ள உள்ளே எழுப்பும் வாயு அழுத்தம் 0.8 பார் தாண்டும்போது மூன்றும் அறுந்து மூக்குக் கூம்பு கழலும். கூம்பு அரைக் கிலோவுக்குள் என்றால், அதற்கு முன்பே சிறு பாராசூட் விரியும் உதறலில் கூம்பு கழலாமலும் அந்தப் பிடி தாங்கும்.

தரம் சுமார்தான். ஒரே பாக்கெட்டில் சிலவற்றின் மரையில் பிசிறு இருக்கும், கழித்துவிடுங்கள். துளை 1.6 மி.மீ., பிறகு எம்2 டேப் (மரை வெட்டும் கருவி). அட்டைக் குழாயென்றால் துளையோரம் சூப்பர் குளூவை ஊறவிட்டுக் காய்ந்தபின் டேப் போடுங்கள். இல்லாவிட்டால் பின் அறுபடாது, அட்டைதான் கிழியும். உள்பக்கம் மெல்லிய பித்தளைத் தகடு ஒட்டினால் வெட்டு இன்னும் சுத்தம்.

சென்னைக் காற்றுதான் பெரிய தொல்லை. நைலான் ஈரம் குடிக்கும். குடித்தால் இளகி, வெட்டுப்படாமல் இழுபடும். சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் வையுங்கள். பறக்கவிடும் முன் அதே பாக்கெட் ஸ்க்ரூவை வைத்தே தரைச் சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஸ்க்ரூ, பழைய துண்டைத் துளையிலிருந்து தள்ளிவிட்டு.