டிமென்ஷியா: வீடா, முதியோர் இல்லமா, மெமரி கேரா? பராமரிப்பும் பணமும் பற்றி ஓர் ஒப்பீடு

நினைவும் சிந்தனையும் படிப்படியாக மங்கும் டிமென்ஷியா வந்தவரை எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு, பெரும்பாலான வீடுகளில் ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் எழுகிறது. நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிட்டார். தூக்கித் தூக்கி உட்காரவைத்தே மகளுக்கு இடுப்பு போய்விட்டது. பிறகு ஒரே வாரத்தில் முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடி. அந்த அவசரத்தில் கண்ணில் படுவது இரண்டுதான்: கட்டடம் எப்படி இருக்கிறது, மாதம் எவ்வளவு கேட்கிறார்கள்.

இவை இரண்டையும் மட்டும் வைத்து ஒப்பிட்டால் பொருந்தாத இடத்தில்தான் போய் நிற்போம். நான் வேறு இரண்டு கேள்விகளை முன்னால் வைப்பேன். சாயங்காலத்துக்குப் பிறகும் ராத்திரியிலும் அவர் பக்கத்தில் இருக்கப்போவது யார்? நோய் எந்தக் கட்டத்துக்குப் போனால் “இனிமேல் எங்களால் முடியாது, கூட்டிக்கொண்டு போங்கள்” என்பார்கள்?

இரண்டாவது கேள்விக்குக் காரணம் இந்த நோயின் போக்கு. மறதியில் தொடங்கும், போகப்போக நடை, சிறுநீர்க் கட்டுப்பாடு, விழுங்கும் திறன் என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ளும். டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் என்று கண்டறியப்பட்ட முதியவர்கள் அதன்பின் சராசரியாக 4 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறார்கள். 20 ஆண்டுகள் இருப்பவர்களும் உண்டு. இன்றைய நிலைக்கு அளவெடுத்துத் தேடிய இடம், இரண்டு வருடத்தில் போதாமல் போய்விடும். இடம் மாற்றுவதோ இவர்களை உலுக்கிவிடும் விஷயம். புது அறை, புது முகங்கள், கழிவறை எந்தப் பக்கம் என்பதே தெரியாத நிலை. ஒரு மாற்றத்திலிருந்து தேறவே பல வாரங்கள் ஆகும். இரண்டாவது மாற்றத்தைத் தவிர்க்க முடியுமானால் அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்பேன்.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது

ஆரம்பக் கட்டத்தில் வீட்டுக்கு நிகர் எதுவும் கிடையாது. மனம் மறந்தாலும் கை மறப்பதில்லை. இருட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்தக் கட்டத்தை இன்னும் நீட்டிக்கலாம்.

ஆனால் “வீடுதான் மலிவு” என்பதை அப்படியே ஏற்க முடியாது. டிமென்ஷியாவால் உலகம் முழுவதும் ஏற்படும் செலவு 2019-ஆம் ஆண்டில் 1.3 டிரில்லியன் டாலர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதி, குடும்பத்தினரும் நண்பர்களும் சம்பளமில்லாமல் கொடுக்கும் உழைப்பின் மதிப்பு. சராசரியாக நாளுக்கு 5 மணி நேரம் இப்படிப் போகிறது. பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களின் தலையில். வேலையை விட்ட மகளின் சம்பளத்தையும், மருமகளின் முதுகுவலியையும் யாரும் கணக்கில் எழுதாததால்தான் வீடு மலிவாகத் தெரிகிறது.

சம்பளத்துக்கு ஆள் வைத்தாலும் கணக்கை முழுதாகப் போட வேண்டும். வீட்டோடு தங்கும் ஒரே ஆள் என்பது 24 மணி நேரப் பராமரிப்பு ஆகாது; அவரும் தூங்க வேண்டும். ராத்திரியில் நான்கு முறை எழுந்து நடப்பவருக்குத் தூங்காமல் இருக்கும் ஆள் தேவை. அப்படியானால் இரண்டு ஷிப்ட் அல்லது மூன்று, கூடவே லீவு நாளுக்கு மாற்று ஆள். அந்தக் கட்டத்தில் வீட்டுச் செலவு ஓர் இல்லத்தின் கட்டணத்தைத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டிவிடும். ராத்திரி அலைச்சல் தொடங்குவதும், அவரைத் தூக்க இரண்டு பேர் தேவைப்படுவதும் வீட்டின் எல்லைக்கோடுகள் என்று எடுத்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளும் கணவரோ மனைவியோ தானே முதியவர் என்றால் எல்லை இன்னும் முன்னாலேயே வந்துவிடும்.

பொதுவான முதியோர் இல்லம்

இது தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்காக அமைந்த இடம். உதவி வேண்டுமென்றால் மணியை அழுத்த வேண்டும்; டிமென்ஷியா உள்ளவருக்கு மணி இருப்பதே நினைவில் இருக்காது. வாசல் திறந்திருக்கும். அடுத்தவர் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் புகார் வரும். கட்டணம் குறைவு என்பதற்காக இங்கே சேர்த்துவிட்டு, பிறகு “தனியாக ஓர் ஆள் வையுங்கள்” என்று நிர்வாகம் சொல்ல, இரண்டு செலவையும் சேர்த்துச் சுமக்கும் குடும்பங்கள் உண்டு.

இதைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது: தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் நோய், இருவரும் சேர்ந்திருக்க விரும்புகிறார்கள். அப்போது அதே வளாகத்தில் மெமரி கேர், அதாவது டிமென்ஷியா உள்ளவர்களுக்கென்றே அமைந்த பிரிவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பின்னால் அங்கே இடம் உறுதியா, காத்திருப்புப் பட்டியலா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லோரும் “பார்த்துக்கலாம்” என்றுதான் சொல்வார்கள்.

மெமரி கேர்

நன்றாக நடத்தப்படும் மெமரி கேர் பிரிவில் கட்டடமே வைத்தியத்தின் பாதியைச் செய்யும். வெளிவாசல் எண் பூட்டில் இருக்கும். உள்ளே சுற்றிச் சுற்றி நடந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் நடைபாதை இருக்கும், முட்டி நிற்கும் முடிவு இருக்காது. தரையில் விரித்த கறுப்பு மிதியடி இவர்களில் சிலருக்குப் பள்ளமாகத் தெரியும் என்பதால் தரை ஒரே நிறத்தில் இருக்கும். தட்டின் நிறம் சாப்பாட்டின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். இல்லாவிட்டால் தட்டில் இருப்பதே தெரியாமல் எழுந்துவிடுவார்கள்.

ஆனாலும் பெயர்ப்பலகையை நம்பிவிடக் கூடாது. சாதாரண இல்லத்தின் ஒரு மாடிக்குப் பூட்டுப் போட்டு, கட்டணத்தை ஏற்றி, மெமரி கேர் என்று பெயர் வைப்பதும் நடக்கிறது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போக வேண்டும். வெளிச்சம் குறையும் நேரத்தில் இவர்களில் பலருக்குப் பதற்றம் ஏறும். ஒரு பாட்டி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்று, “பிள்ளைங்க ஸ்கூல்ல இருந்து வந்திருப்பாங்க, நான் போகணும்” என்கிறார் என்று வையுங்கள். “உங்க பிள்ளைக்கே அறுபது வயசாச்சு, போய் உட்காருங்க” என்று தூரத்திலிருந்து குரல் வந்தால், அந்த இடத்தின் தரம் அவ்வளவுதான். பயிற்சி பெற்றவர் அருகில் வந்து, முகம் தெரியும்படி நின்று, “எத்தனை பிள்ளைங்கம்மா? பெரியவன் பேரு என்ன?” என்று கேட்டபடி கூடவே நாலு எட்டு நடப்பார். வழியில் மடிக்காத துண்டுகள் ஒரு மேசையில் இருக்கும். “இதைக் கொஞ்சம் மடிச்சுத் தர்றீங்களாம்மா?” கை வேலையில் இறங்கியதும் பை தானாக மேசைக்கு வந்துவிடும். இதைச் செய்ய ஆள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அவசரமில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், விழித்திருக்கும் ஆளா, ஊழியர்கள் எவ்வளவு காலமாக அங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

ஆள் குறைவாக உள்ள இடத்தில் அந்த வேலையை மாத்திரை செய்யும். மனநோய்க்கான சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-லேயே மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. 2008-ல் அதை அந்த வகையின் பழைய மருந்துகளுக்கும் நீட்டித்தது. லூயி பாடி வகை டிமென்ஷியாவில் இவை உடலை விறைக்கவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடும் வேதனையிலும் ஆபத்திலும் தேவைப்படும். யார் எழுதிக்கொடுக்கிறார், குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்வார்களா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குறைத்துப் பார்ப்பார்கள் என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

இன்னொன்று, மொழி. நோய் முற்றும்போது பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும். பிள்ளைப்பருவ மொழி அதைவிட நீண்ட நாள் நிற்கும். அந்த மொழி பேசும் ஒரே ஓர் ஊழியராவது ஒவ்வொரு ஷிப்டிலும் இல்லையென்றால், வலிக்கிறது என்று சொல்வதைக்கூடப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது. மற்ற எல்லா வசதிகளையும் விட இதை நான் மேலே வைப்பேன்.

சிறு குழு இல்லம்

பெரிய பிரிவுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஜப்பானின் குழு இல்லங்களில் ஒரு பிரிவில் 5 முதல் 9 பேர்தான். அமெரிக்காவில் 2003-ல் மிசிசிப்பியின் டூபலோ நகரில் தொடங்கிய கிரீன் ஹவுஸ் முறையில் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே சமையலறை, சமைப்பவரே பராமரிப்பவரும். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-ல் திறக்கப்பட்ட ஹோகவே, இத்தகைய சிறு வீடுகளைச் சேர்த்து ஒரு கிராமமாகவே அமைத்தது. உள்ளே கடை, தெரு, சதுக்கம், எல்லாம் பாதுகாப்பான எல்லைக்குள்.

நடுக்கட்டத்தில் இருப்பவருக்கு என் முதல் தேர்வு இதுதான். முகங்கள் குறைவு, சத்தம் குறைவு. ஆறே பேர் என்றால் ஒருவர் சாப்பிடாததும் தூங்காததும் யாருக்காவது கண்ணில் படும். குறையும் அங்கேயே இருக்கிறது. ராத்திரி ஒரே ஆள் இருக்கலாம். நர்ஸ் முழுநேரமும் இல்லாமல் போகலாம். நடத்துபவர் நல்லவராக இருக்கும்வரைதான் இடமும் நன்றாக இருக்கும். ஊசி, ஆக்சிஜன், குழாய் வழி உணவு என்று தேவை வந்தால் பலவற்றில் கைவிரித்துவிடுவார்கள்.

படுத்த படுக்கை, ஆறாத புண், விழுங்க முடியாமை என்று மருத்துவத் தேவை மேலோங்கிவிட்டால் முழுநேர நர்சிங் இல்லம்தான் சரி. அந்தக் கட்டத்தில் மெமரி கேரின் நடைபாதைக்கும் செயல்பாடுகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதில் பலன் குறைவு.

கட்டணம் கேட்கும் விதங்கள்

பொதுவாக இரண்டு விதம். ஒன்று எல்லாம் அடங்கிய ஒரே மாதத்தொகை. மற்றொன்று அடிப்படைக் கட்டணத்தோடு பராமரிப்பு நிலைக்கேற்ற கூடுதல்: குளிக்க வைக்க, டயப்பர் மாற்ற, ஊட்டிவிட, மாத்திரை கொடுக்க என ஒவ்வொன்றும் ஏறும். இரண்டாவது முதல் மாதம் மலிவாகத் தெரியும். ஒரு கணக்குக்காக அடிப்படை 100, எல்லாம் அடங்கியது 130 என்று வையுங்கள். ஒரு வருடத்தில் நிலை மாறி 40, அடுத்த வருடம் இன்னொரு 30 கூடினால் மலிவானது 170-ல் நிற்கும். குறையாமல் கூடிக்கொண்டே போகும் நோய் என்பதால், விலை வித்தியாசம் மிகப் பெரிதாக இல்லாதவரை எல்லாம் அடங்கிய தொகையே மேல். எப்படியானாலும், கடைசிக் கட்டத்துக்கு என்ன கட்டணம் என்று இன்றே கேட்டு அதோடு ஒப்பிடுங்கள்.

பெரிய டெபாசிட் வாங்கிக்கொண்டு மாதக் கட்டணத்தைக் குறைக்கும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. எவ்வளவு காலம் இருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. சேர்ந்த மூன்றாம் மாதமே விலகினால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில் திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அந்தப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்குக் கட்டணம் உண்டா, ஆண்டு உயர்வுக்கு வரம்பு உண்டா, நிலையை மறுமதிப்பீடு செய்வது யார் என்பவையும் முக்கியம். எல்லாவற்றையும் விட வெளியேற்றும் பிரிவை இரண்டு தடவை படியுங்கள். “பிறருக்கு இடையூறாக நடந்தால்” என்று மட்டும் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், நோயின் சாதாரண அறிகுறிக்கே அனுப்பிவிட முடியும். கையெழுத்துப் போடுபவர் நோயாளியின் சார்பில் போடுகிறாரா, தன் சொந்தப் பொறுப்பிலா என்பதையும் கவனியுங்கள். பின்னதானால் பாக்கி அவர் கழுத்துக்கு வரும்.

பணம் எங்கிருந்து

மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்கானது. அன்றாடப் பராமரிப்புக்கும் தங்கும் செலவுக்கும் பெரும்பாலும் கொடுக்காது. முதியவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர்கூட அப்படித்தான். வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்டு நீண்டகால நர்சிங் இல்லத்துக்குக் கொடுக்கும், ஆனால் பொதுவாக முந்தைய 5 ஆண்டுகளில் சொத்தை யாருக்காவது எழுதிவைத்தீர்களா என்று தோண்டிப் பார்க்கும். ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீட்டைத் தொடங்கின. அங்கேயும் ஒரு பங்கைக் குடும்பமே கட்ட வேண்டும். தனியார் பராமரிப்புக் காப்பீடு நோய் கண்டறியப்பட்ட பிறகு கிடைப்பது அரிது.

ஆகப் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம், சேமிப்பு, வீடு என்ற மூன்றுதான். சேமிப்பை இரண்டு வருடத்துக்குப் பரப்பினால் எந்த இடமும் கட்டுப்படியாகும். எட்டு வருடத்துக்குப் பரப்பிப் பாருங்கள். பிள்ளைகள் பங்கு போடுவதானால் யார் எவ்வளவு, ஒருவருக்கு வேலை போனால் என்ன என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நேரில் வந்து பார்த்துக்கொள்பவருக்குப் பணப்பங்கைக் குறைப்பதே நியாயம். அவர் சார்பில் வீட்டை விற்கவோ வைப்புநிதியை எடுக்கவோ, அவருடைய திறன் போன பின்பும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரம் வேண்டும்; இந்தியா போன்ற சில நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம் அந்த நிலையில் செல்லாது. அதில் கையெழுத்திட அவருக்கு இன்னும் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருக்க வேண்டும். நோய் கண்டறிந்த முதல் மாதங்களிலேயே வக்கீலிடம் போகாதவர்கள், பிறகு நீதிமன்றத்தின் வழியாகக் காப்பாளராக நியமனம் பெற அலைய நேரிடலாம். கணக்கில் பணம் இருந்தும் கட்டணத்துக்குக் கடன் வாங்குவது அப்படித்தான் நிகழ்கிறது.

இரண்டு இடங்கள் கடைசிவரை சமமாக வந்தால், சில வாரத் தற்காலிகத் தங்கலுக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அதை முதலில் முயலுங்கள். அந்த வாரங்களில் சொல்லாமல் கொள்ளாமல் வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. அவர் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார், குளிக்க மறுத்தால் என்ன சொன்னால் வருவார், எந்தப் பக்கம் படுப்பார், முன்பு என்ன வேலை பார்த்தார் என்று ஒரு பக்கம் எழுதி முதல் நாளே கொடுங்கள். பத்து நாள் கழித்து, அந்தத் தாளில் உள்ளது ராத்திரி ஷிப்ட் ஊழியருக்குத் தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.