அறுபது சாந்தி வீட்டுக்கு வந்த ரோபோ: வாடகைக்கு எடுக்கலாமா?

பள்ளத்தூரில் நண்பரின் அப்பாவுக்கு அறுபது சாந்தி. வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்க மனித உருவ ரோபோ ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சென்னையிலிருந்து வேனில் வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர். அதனால், "நீங்களே கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே" என்று அதை என் தலையில் கட்டிவிட்டார் நண்பர்.

கும்பிட்டதற்கு முழு மதிப்பெண். முகப்பில் நின்று அது குனிந்த அழகில் ஆச்சிமார் வரிசை கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆச்சி வெற்றிலைத் தட்டை நீட்டினார். வாங்க விரல் இல்லை, மணிக்கட்டோடு ரப்பர் முட்டிதான். ஆடியது முன்பே பழக்கி வைத்த ஆட்டம். நடந்தது, கூட வந்த தம்பியின் கையிலிருந்த ரிமோட்டால்.

வளவுக்குள், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதிக்குள், கொண்டுபோகலாம் என்றதும் நிலைவாசல் தடுத்தது. அந்தப் படியை ஏறவிட தம்பிக்குத் தைரியமில்லை. இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். உள்ளே ஆத்தங்குடித் தரை, காலையில்தான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து மினுமினுவென்று வைத்திருந்தார்கள். பாதம் வழுக்கியது. டக்டக்கென்று நாலைந்து குட்டி அடி வைத்துச் சமாளித்துக்கொண்டது பாருங்கள், வாடகைப் பணம் அதற்கே சரியாகப் போயிற்று. உடம்பு சாய்வதைச் சென்சார் சொன்ன மாத்திரத்தில் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து திருத்துகின்றன. கணினிக்குள் மாதிரி உருவமாகக் கணக்கில்லாமல் விழுந்து எழுந்து படித்த பாடம் அது.

அப்புறம்தான் கேட்டேன், "தம்பி, எமர்ஜென்சி ஸ்டாப் எது?" ரிமோட்டில் காட்டினார்.

"அமுக்கினா?"

"விழுந்துரும் சார்."

எங்கள் ஆலையின் வெல்டிங் ரோபோவில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பிரேக் பிடித்து அப்படியே நிற்கும். இரண்டு காலில் நிற்பதற்கோ நிற்பதே ஓயாத வேலை. மின்சாரத்தை நிறுத்தினால் சரிந்துவிடும். சுற்றிலும் பிள்ளைகள் வேறு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜிஎக்ஸ்ஓ என்ற சரக்கு நிறுவனத்தின் கிடங்கில் 2024-இல் கூடை தூக்க வந்த டிஜிட் என்ற இரண்டு கால் ரோபோவையே ஆட்களிடமிருந்து பிரித்த இடத்தில்தான் வேலை செய்ய விட்டார்கள். இந்த வகை இயந்திரங்களுக்கென்று ஐஎஸ்ஓ 25785-1 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரத்தை எழுத ஆரம்பித்ததே சமீபத்தில்தான்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர், "இனிமே இன்ஜினியருக்கு வேலை இருக்காதாமே?" என்றார். கும்மாயத்தை முடித்துவிட்டுச் சொன்னேன்: படம் வரைய, கணக்குப் போட ஆள் குறையலாம். இதை எந்தத் தரையில் விடலாம், எவ்வளவு தள்ளிக் கயிறு கட்டணும், சாய்ந்தால் யார் மேல் சாயும் என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு இன்ஜினியர் வேண்டும். அன்றைக்கு வேனில் வராத ஆள் அவர்தான்.

பேட்டரி பந்தி முடியும்வரை தாங்கவில்லை. பக்கத்துக் காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிறது; அவர்கள்தான் மனசு வைக்கணும்.

எடுக்கலாமா என்றால், முகப்போடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் எடுக்கலாம். அந்தத் தம்பி அருமையான பையன், கேட்டதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். பில்லில் ஆபரேட்டர் பேட்டாவுக்கு ஒரு வரி இருந்தது. யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யாருடையது என்பதற்கு எதுவும் இல்லை. அதை எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.