எந்த அறை எவ்வளவு இழுக்கிறது: ஒரு லாட்ஜ் சர்வரில் டார்க்ஸ்டாட்

காட்பாடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூர் காந்தி சாலைப் பக்கம் இருக்கும் லாட்ஜ் ஒன்றின் நெட்வொர்க்கையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று மாடி, முப்பத்திரண்டு அறை. தங்குபவர்களில் பெரும்பாலோர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற வங்காளக் குடும்பங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கும் வரை வாரக்கணக்கில் இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஒவ்வொரு அறையிலிருந்தும் ஊருக்கு வீடியோ அழைப்பு போகும். அந்த நேரத்தில்தான் இணைப்பு திக்கித் திணறும்.

லாட்ஜ் முதலாளிக்கு அறுபது வயது. "பதினான்காம் அறைப் பையன் விடிய விடியப் படம் பார்க்கிறான் தம்பி, அவனுடைய வைஃபையை நிறுத்திவிடு" என்றார். அந்தப் பையனின் அப்பா நடக்க முடியாதவர். இரவில் அம்மாவின் முகத்தைத் திரையில் பார்த்த பிறகுதான் அவர் சாப்பிடுவார் என்று துப்புரவு வேலை செய்யும் அக்கா சொல்லியிருந்தார். "மூன்று நாள் கொடுங்கள் ஐயா, யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். அப்படி எண்ணுவதற்காக நான் நிறுவியதுதான் டார்க்ஸ்டாட்.

எமில் மிகுலிச் என்பவர் எழுதிய சிறிய நிரல் இது. 2001 முதல் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. லாட்ஜில் நுழைவாயிலாக வைத்திருக்கும் சர்வர் 2 ஜிகாபைட் நினைவகம் கொண்ட பழைய மேசைக் கணினி, அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. தொகுப்புக் களஞ்சியத்திலேயே டார்க்ஸ்டாட் இருந்ததால் நிறுவுவது இரண்டு நிமிட வேலை. அது நெட்வொர்க் அட்டை வழியாகப் போகும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கவனித்து, ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண்) உள்ளே வந்தது, வெளியே போனது, மொத்தம், கடைசியாகக் கண்ட நேரம் ஆகியவற்றைக் கணக்கு வைக்கிறது. பிரவுசரில் சர்வரின் 667ஆம் போர்ட்டை (இணைப்பு வாசல் எண்) திறந்தால் பட்டியல் வந்துவிடுகிறது. ஒரு முகவரியைத் தட்டினால் எந்தெந்தப் போர்ட்டில் எவ்வளவு என்ற விவரமும் வரும். என்ன பார்த்தார்கள், யாரோடு என்ன பேசினார்கள் என்பதற்குள் அது போவதே இல்லை. நோயாளிகள் தங்கும் இடத்தில் எனக்கு இதுவே பெரிய நிம்மதி. அவர்களுடைய பேச்சு எனக்கு வேண்டாம், அளவு மட்டும் போதும்.

முதல் நாள் ஏமாற்றம். இரண்டு இடங்களில் தடுக்கினேன். வெளி இணைப்பு இருக்கும் அட்டையைக் கவனிக்கச் சொல்லியிருந்தேன். உள்ளே இருக்கும் பல முகவரிகளை ஒரே முகவரியாக்கி வெளியே அனுப்புவதுதான் முகவரி மாற்றம் (நாட்). அது நடந்த பிறகு அங்கே எல்லா அறையும் சர்வரின் ஒரே முகவரியாகத்தான் தெரியும். உள்பக்க அட்டைக்கு மாற்றினேன். உள் நெட்வொர்க் எது என்பதையும் அமைப்புக் கோப்பில் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் சர்வரின் சொந்தப் போக்குவரத்து மட்டுமே வரைபடத்தில் ஏறும். இப்போது லாட்ஜுக்குள் மூன்றே மூன்று முகவரிகள் தெரிந்தன, மாடிக்கு ஒன்று. ஒவ்வொரு மாடியிலும் இருந்த வைஃபை பெட்டி தன் பங்குக்கு முகவரி மாற்றம் செய்து அறைகளையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது. மூன்றையும் வைஃபை சிக்னலை மட்டும் தரும் வெறும் அணுகல் புள்ளியாக மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையைச் சர்வரிடம் விட்டேன். அன்று மாலை நாற்பதுக்கும் மேற்பட்ட முகவரிகள் வரிசை கட்டி நின்றன. லாட்ஜில் இதை நிறுவ நினைப்பவர்கள் முதலில் மாடிப் பெட்டிகளைப் பாருங்கள்.

மறுநாள் இரவு வெளியே போன அளவின்படி பட்டியலை வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் இருந்தது எந்த அறையும் இல்லை. வரவேற்பு மேசைக்கு அடியில் இருக்கும் கண்காணிப்புக் கேமராப் பதிவுப் பெட்டி. இருபத்து நான்கு மணி நேரத்தில் 80 ஜிகாபைட்டுக்கு மேல் வெளியே அனுப்பியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு 1 மெகாபிட் இடைவிடாமல் போனால் ஒரு நாளில் 10.8 ஜிகாபைட் ஆகும். எட்டுக் கேமரா என்றால் 86.4. கேமரா பொருத்தியவர் எல்லாப் படத்தையும் வெளியில் உள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் இணைப்பில் பதிவேற்றத்துக்கு இருப்பதே 10 மெகாபிட். அதில் எட்டைக் கேமரா எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டில் முப்பத்திரண்டு அறையும் எப்படி முகம் காட்டிப் பேசும்? பதினான்காம் அறையின் ஒரு நாள் மொத்தம் 3 ஜிகாபைட்கூட இல்லை.

முதலாளியிடம் திரையைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே மாடியேறிப் போய் அந்தப் பையனிடம் இனி இணைப்பு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். கேமராவை உள்ளேயே பதியும்படி மாற்றினேன்.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. வரைபடங்கள் கடைசி நிமிடம், மணி, நாள், மாதம் என்று அழகாக வருகின்றன, ஆனால் அவை மொத்தப் போக்குவரத்துக்கு மட்டும்தான். முகவரிவாரியாக நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது, கூட்டுத்தொகைதான் ஏறிக்கொண்டே போகும். நான் இரவு பத்து மணிக்கு முதல் ஐந்து முகவரிகளின் எண்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கழித்துப் பார்க்கிறேன். எந்த முகவரி எந்த முகவரியோடு பேசியது என்ற இணையும் கிடைக்காது. அதற்கு ஐஎஃப்டாப் என்ற இன்னொரு நிரல் வேண்டும், ஆனால் அது அந்த நொடியை மட்டும் காட்டும். விஎன்ஸ்டாட் மாதக் கணக்கை நன்றாக வைத்துக்கொள்ளும், ஆனால் அட்டைவாரியாகத்தான், ஆள்வாரியாக இல்லை. என்டாப்என்ஜி என்ற பெரிய நிரல் எல்லாம் தரும். எங்கள் பழைய கணினிமேல், அதுவும் கத்திரி வெயிலில், அந்தச் சுமையை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

கடவுச்சொல் கேட்கும் வசதியும் டார்க்ஸ்டாட்டில் இல்லை. அப்படியே விட்டால் எந்த அறையிலிருந்தும் பக்கத்து அறைக் கணக்கைப் பார்க்கலாம், அது தவறு. சர்வருக்குள்ளிருந்து மட்டுமே திறக்கும் 127.0.0.1 முகவரிக்குப் பக்கத்தைக் கட்டிவிட்டு, நான் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு வழியாக நுழைந்து பார்க்கிறேன்.

ஒரு நாள் மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது, ஒரு வாரக் கணக்கு அழிந்தது. கோப்பில் சேமிக்கச் சொல்லியிருந்தாலும் முறையாக நிறுத்தும்போதுதான் எழுதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சேமிக்கச் சொல்லும் சிக்னலை இப்போது மணிக்கொரு முறை கிரான் என்ற நேரப்படி வேலை செய்யும் நிரல் அனுப்புகிறது.

பதினான்காம் அறைக்காரர்கள் போன மாதம் ஊர் திரும்பிவிட்டார்கள். அதே தெருவில் இன்னொரு லாட்ஜுக்காரர் வந்து கேட்டிருக்கிறார், நாற்பது அறையாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், முதலில் அவருடைய கேமராப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.