இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் 11-க்கு 5,800 ரூபாய், கூடவே அப்பாவின் கோப்புகளும் போயின

வீட்டில் பெரியவர்கள் தனியாக லேப்டாப் வைத்துப் புழங்குகிறார்கள் என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் மதுரையில், நான் கோவையில். அவரிடம் இருப்பது 2020-இல் வாங்கிய லேப்டாப்: இன்டெல் பத்தாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10 வாங்கும்போதே அதில் இருந்தது. உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் கேட்டு எழுதிய தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டுகளை மூன்று வருடமாக அதில்தான் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

2025 மார்ச்சில் சார்ஜர் பின் ஆடுகிறது என்று பக்கத்துக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். பின்னைச் சரிசெய்த பையன், "ஐயா, டென்னு அக்டோபரோட முடியுது. அதுக்கப்புறம் லேப்டாப்பே ஆன் ஆகாது, பேங்க் சைட்டும் திறக்காது. இப்பவே லெவன் போட்டுக்கங்க" என்று சொல்லியிருக்கிறான். லைசென்ஸுக்கு 4,500, சர்வீஸ் சார்ஜ் 800, ஆன்டிவைரஸ் 500. அப்பா யுபிஐயில் 5,800 ரூபாய் அனுப்பினார். பில் என்று கையில் வந்தது ஒரு துண்டுச் சீட்டு.

அந்தப் பையன் சொன்னதில் தேதி மட்டும்தான் சரி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது உண்மை. முடிந்தது என்றால் மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட் நின்றது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஆன் ஆகும், கோப்புகள் திறக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள், அதனால் நாளாக நாளாக ஆபத்து கூடும். நிச்சயம் கவனிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் ஒரு முதியவரைப் பயமுறுத்திப் பணம் பிடுங்குகிற அளவுக்கு அவசரம் எதுவும் இல்லை.

அதைவிட முக்கியமானது, அசல் விண்டோஸ் 10 இருக்கும் கம்ப்யூட்டரில், தகுதி இருந்தால், விண்டோஸ் 11 இலவசம். 2021-இல் அது வெளியானதிலிருந்தே அப்படித்தான். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே டவுன்லோட் பட்டன் வரும். கோப்புகள், போட்டோ, போட்டுவைத்த புரோகிராம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஃபார்மட் தேவையே இல்லை. அப்பாவின் லேப்டாப்புக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. கடைக்காரர் ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும்.

கேட்காமலேயே ஃபார்மட் செய்து, இருந்த கோப்புகளையெல்லாம் அழித்திருக்கிறார்கள்.

அன்று சாயந்திரமே அப்பா கவனித்துவிட்டார். ஆனால் என்னிடம் சொல்லவில்லை. தானே எங்கோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. செப்டம்பரில் அவர் போன் செய்தது வேறு காரணத்துக்கு: "ஏதோ லைசென்ஸ் காலாவதி ஆகப் போகுதுன்னு வருதும்மா. இன்னொரு தடவை பணம் கட்டணுமோ?"

காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் லைசென்ஸ் காலாவதி ஆகாது. அதனால் அங்கேயே எனக்குச் சந்தேகம். போனிலேயே சொல்லிக்கொடுத்தேன்: விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கப்பா, வரும் கட்டத்தில் எஸ் எல் எம் ஜி ஆர் என்று சேர்த்து அடிங்க, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அப்புறம் எக்ஸ் பி ஆர், என்டர் (slmgr /xpr). அசல் என்றால் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று சொல்லும். அப்பாவுக்கு வந்தது ஒரு தேதி. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்தால், உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயங்குகிறது என்று இருந்தது. அப்பாவுக்கு ஏது நிறுவனம்?

நடந்தது இதுதான். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்கு ஒரே சர்வரிலிருந்து லைசென்ஸ் கொடுக்க கேஎம்எஸ் என்றொரு முறை இருக்கிறது. அந்த ஆக்டிவேஷன் 180 நாள்தான் தாங்கும், அதற்குள் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ளும். திருட்டு ஆக்டிவேட்டர்கள் அந்த சர்வரைப் போல நடிக்கும். கடைக்காரர் போட்டது அப்படி ஒன்று. அது ஓடுவதற்காக, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஒரு ஃபோல்டரையே சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். அப்பா பென்ஷன் கணக்கைப் பார்ப்பது இதே லேப்டாப்பில்தான். இந்த ஆக்டிவேட்டர்களின் வழியாகத்தான் பாஸ்வேர்டு திருடும் வைரஸ்கள் பல உள்ளே வருகின்றன.

இன்னொரு கொடுமை. லேப்டாப்பில் முதலில் இருந்தது விண்டோஸின் ஹோம் சிங்கிள் லாங்வேஜ் பதிப்பு. அதன் லைசென்ஸ் கீ பயாஸிலேயே, அதாவது மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருளிலேயே, பதிந்திருக்கிறது. நம் ஊரில் விண்டோஸோடு விற்ற லேப்டாப்கள் பலவும் அப்படித்தான். அசல் அங்கேயே இருக்க, அதன் மேல் புரோ பதிப்பைப் போட்டு, அதற்குத் திருட்டு ஆக்டிவேஷன் வைத்து, லைசென்ஸ் என்று 4,500 வாங்கியிருக்கிறார்கள்.

அந்த வாரமே மதுரைக்குப் போனேன். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவியால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கீ கேட்கவே இல்லை. பயாஸில் இருந்ததைத் தானே எடுத்துக்கொண்டு, இன்டர்நெட் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. வேலை இரண்டு மணி நேரம், செலவு எதுவும் இல்லை. வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினோம்.

கோப்புகள்தான் திரும்பவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், ஃபார்மட் ஆனதும் மேற்கொண்டு எதுவும் எழுதாமல் நிறுத்திவைத்தால் மீட்க வழி இருந்திருக்கும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. அழிந்த இடங்களை டிரிம் என்ற கட்டளை மூலம் உடனே காலி செய்துவிடும். மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கையெழுத்து நோட்டுகள் இருப்பதால் முக்கால்வாசியை அப்பா மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். நோட்டில் எழுதாமல் நேரடியாகக் கம்ப்யூட்டரில் அடித்த பாட்டுகள் பதினொன்று. அதில் நான்கைப் பாடிய பாட்டி இப்போது இல்லை.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டரை யாரிடமும் கொடுக்கும் முன் கோப்புகளை வேறொரு டிரைவில் நகல் எடுங்கள். ஃபார்மட் செய்யக் கூடாது என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். தகுதி இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற செயலி போதும். தோராயமாக இன்டெல் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்குமேல் என்றால் சரி. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லை, போர்டையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். பல நேரம் அது பயாஸில் அணைந்துதான் கிடக்கும். இன்டெலில் பிடிடி (PTT), ஏஎம்டியில் எஃப்டிபிஎம் (fTPM) என்ற பெயரில் தேடுங்கள்.

தகுதி இல்லாத பழைய மெஷின் என்றாலும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசமாக வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். பேக்கப் வேண்டாம் என்பவர்களுக்கு 30 டாலர், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000. பிரவுசர், மெயில், கடிதம் அடிப்பது இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் முழு இலவசம், யூனிகோடு தமிழும் அதில் நன்றாகவே ஓடும். டாலி மாதிரி விண்டோஸிலேயே ஓடும் மென்பொருள் வேண்டும் என்பவர்களுக்கு அது சரிவராது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீ மட்டும் வேண்டாம். பெரும்பாலும் நிறுவனங்களுக்குக் கொடுத்த கீயைப் பிரித்து விற்பதுதான், என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கிவிடுவார்கள்.

கடைக்கு நேரில் போய்க் கேட்டேன். "எல்லாரும் இதத்தாம்மா போடுறாங்க" என்றார் உரிமையாளர். ஜிஎஸ்டி பில் கேட்டேன், இல்லை என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, யுபிஐ பணப் பரிமாற்றப் பதிவு, ஆக்டிவேஷன் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றும் கையில் இருக்கின்றன. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது. மனுவில் 5,800 ரூபாயோடு அந்தப் பதினொரு பாட்டையும் எழுதச் சொல்லியிருக்கிறார் அப்பா.