விடுதிப் பள்ளியா, திறந்தநிலைப் பள்ளியா, உள்ளூர் ஹிஸ்டரி குரூப்பா?

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு விதம். பெரியவன் மேற்கே ஒரு விடுதிப் பள்ளியில் பயாலஜி குரூப். சின்னவள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஹிஸ்டரி குரூப். கூடவே மாதம் இரண்டு சனிக்கிழமை ஏதாவது ஓர் ஊருக்குப் பயணம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் எழுத்துப் பயிற்சி. பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் எது தேவலை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் மனம் சின்னவள் போன வழியில்தான்.

காசு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரியவனுக்கு இரண்டு வருஷத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் போயிற்று, நகையை வைத்துத்தான் கட்டினோம். சின்னவளுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. தூரத்து ஊருக்கும் சாருக்கும்தான் செலவு. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டால் இந்த ஒப்பீடே வேண்டாம், அதற்கு பயாலஜி படித்தே ஆக வேண்டும்.

திறந்தநிலைப் பள்ளியையும் யோசித்தோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடம் எடுத்தால் போதும், வருஷத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. பயணத்துக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனால் என் அண்ணன் மகன் ஒருவன் படித்ததை வெளியிலிருந்து பார்த்ததுதான் என் அனுபவம். அவனுக்கு நேரம் நிறைய இருந்தது, கூட உட்கார ஆள் இல்லை, முதல் வருஷம் அப்படியே நழுவிப் போயிற்று. வீட்டில் ஒருவர் முழு நேரமும் இருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே கேள்வி: பிள்ளை எழுதுவதை யார் படிக்கிறார்கள்?

பெரியவன் வகுப்பில் அறுபது பேர். வாரா வாரம் டெஸ்ட், மறுநாளே மார்க். மார்க் வந்ததே தவிர, எங்கே தடுக்கியது என்று ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இல்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல் எங்களுடையது. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தால்கூட எங்கள் வாய்க்கால் நனைய எத்தனை நாள் ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வகுப்பில் என் மகன் கடைமடையில் உட்கார்ந்திருந்தான். வாத்தியார்கள் நல்லவர்கள், உழைத்தார்கள். அறுபது நோட்டை ஒருவர் என்ன செய்ய முடியும்?

சின்னவளின் முதல் பயணம் கல்லணை. வந்ததும் ஒரு பக்கம் எழுதினாள்: கரிகாலன் கட்டியது, பழமையானது, பிரமிப்பாக இருந்தது. சார் படித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "பாப்பா, நீ நின்ற இடத்திலிருந்து தண்ணீர் எத்தனை பக்கமாகப் பிரிந்தது?" அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அங்கேயே போனோம். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், வெள்ளம் வந்தால் கொள்ளிடம் என்று மதகு மதகாக நின்று படம் போட்டாள். அதற்கடுத்த முறை நீடாமங்கலம் பக்கம் ஆறு பிரியும் மூணாறு தலைப்பு. வெண்ணாறு அங்கே கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிவதைப் பார்த்தபோது, "நம்ம வயலுக்கு இங்கேருந்துதானேம்மா வருது?" என்றாள். மூன்றாவது முறை எழுதியது ஆறு பக்கம். யாருக்கு முதலில் தண்ணீர், யாருக்குக் கடைசியில், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று. புவியியலும் பொருளியலும் அரசியல் அறிவியலும் அந்த ஆறு பக்கத்தில் தாமாக வந்து சேர்ந்திருந்தன. ஒரே கேள்விக்காக மூன்று வாரம் காத்திருந்தார் மனிதர். நான் மாத ஃபீஸ் கொடுப்பது அந்தப் பொறுமைக்குத்தான்.

தஞ்சைப் பெரிய கோயிலிலும் அப்படித்தான். கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். சார் அவளைத் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், நானூறு பேரின் கல்வெட்டைத் தேடச் சொல்லி அனுப்பினார். ராஜராஜன் ஒவ்வொருவர் பெயரையும், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று வெட்டி வைத்திருக்கிறான். பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். அவர்களில் பலர் திருவாரூரிலிருந்து போனவர்கள் என்று அந்தக் கல்வெட்டின் அச்சிட்ட வாசகத்தில் படித்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

1930-ல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்த கதை பாடத்தில் நாலு வரி. அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்ட, ஜனங்கள் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். இதைக் கேட்டதிலிருந்து வேதாரண்யம் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பழைய மரங்களையே பார்த்துக்கொண்டு வருவாள்.

கீழ்வெண்மணிக்குப் போய் வந்த ஞாயிறு அவள் எதுவும் எழுதவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட இடம். சார் வற்புறுத்தவில்லை. அந்தக் காலத்தில் கூலியை எப்படி நெல்லாக அளந்தார்கள், கூடுதலாகக் கேட்டால் என்ன நடந்தது என்று பேசிக்கொண்டிருந்தார். பதினைந்து நாள் கழித்து அவளே எழுதிக்கொண்டு வந்தாள். அறுபது பேருக்கு நடுவில் அந்தப் பதினைந்து நாளை யாராலும் கொடுக்க முடியாது.

சரி, ஹிஸ்டரி குரூப் படித்து என்ன செய்வது என்பார்கள். சட்டம் படிக்க கிளாட் தேர்வு எந்த குரூப்புக்கும் பொது. க்யூட் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதினால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் எங்களுக்குப் பக்கம். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அவள் இப்போதுதான் பிளஸ் டூ, எங்கே இடம் கிடைக்கும் என்பது இனிமேல்தான். அதனால் மார்க்கை வைத்து நான் வாதாட வரவில்லை.

இந்த வழியில் பெரிய பலவீனம் ஒன்றும் உண்டு, எல்லாம் ஒரே ஆளை நம்பி இருக்கிறது. போன ஐப்பசியில் சாருக்கு உடம்பு முடியாமல் ஆறு வாரம் நோட்டு பார்க்க ஆள் இல்லை. அப்போதும் தாராசுரம், தரங்கம்பாடி என்று போய்க்கொண்டுதான் இருந்தோம். அந்த இரண்டு ஊரைப் பற்றி அவள் எழுதியதை எடுத்துப் பார்த்தால், கோயில் பெயர், தரங்கம்பாடி டேனிஷ்காரர் கோட்டை பெயர், 1620 என்று வருஷம், சாப்பிட்ட கடை, அவ்வளவுதான். சார் தேறி வந்ததும் தரங்கம்பாடிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: "டேனிஷ்காரன் இங்கே எதை வாங்க வந்தான்? யாரிடம்?" வருகிற சனிக்கிழமை மறுபடி தரங்கம்பாடி.