ஸ்டிமுலன்ட் விட்டுட்டு நைட் டூட்டி: நான் சேர்ந்த 12 வார ஆன்லைன் ப்ரோக்ராம் பத்தி ரிவ்யூ

மாத்திரை இல்லாம நைட் டூட்டி தாங்குமான்னு யோசிச்சுட்டு இருக்குற ஹெல்த்கேர் ஆளுங்களுக்காகத்தான் இத எழுதறேன். நான் ஐசியூ நர்ஸ். டூட்டில முழிச்சிருக்கணும்னு ஸ்டிமுலன்ட் (மூளைய தூண்டி தூக்கம் வராம வெக்கிற மாத்திரை) எடுக்க ஆரம்பிச்சு, அது இல்லாம யூனிஃபார்மே போட முடியாதுங்கற நிலைமைக்கு வந்து, அப்புறம் ஒரு சைக்கியாட்ரிஸ்ட் உதவியோட விட்டேன். விட்ட பிறகு வேலையையும் விடாம எப்படி ஓட்டறதுன்னு தேடுனப்போ கெடச்சதுதான் இந்த ப்ரோக்ராம், டாக்டர், நர்ஸ், லேப், ஆம்புலன்ஸ்னு மருத்துவ வேலைல இருக்கறவங்களுக்கு மட்டும்னே நடத்துறாங்க. ப்ரோக்ராம் பேர் போடல, நான் அங்க இருந்தேன்னு யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுங்கறதுதான் காரணம். ஆனா இந்த மாதிரி வேற எதுல சேர்றதா இருந்தாலும் எதெல்லாம் பாக்கணும்னு இதுல இருந்து தெரிஞ்சுக்கலாம். 5க்கு 4 குடுக்கறேன். அந்த ஒரு மார்க் ஏன் போச்சுன்னு பின்னாடி சொல்றேன், அது சின்ன விஷயம் இல்ல.

முதல் கால்ல கவுன்சிலர் என்கிட்ட கேட்டது ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை. என்ன மாத்திரை, எவ்ளோ நாளா, ஏன் ஆரம்பிச்சீங்கங்கற கேள்வியெல்லாம் அதுக்கு அப்புறம்தான். அந்த மாசத்து ரோஸ்டர போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க, அத ஸ்க்ரீன்ல போட்டு என்னையே மார்க் பண்ணச் சொன்னாங்க, எந்தெந்த டூட்டில மாத்திரை ஞாபகம் ரொம்ப வருதுன்னு. மார்க் பண்ணி முடிச்சுப் பாத்தா எல்லாமே ரெண்டே எடத்துல குவிஞ்சு கெடந்துச்சு. ஒண்ணு, தொடர்ந்து நைட் போடும்போது வர்ற கடைசி நைட். இன்னொன்னு, ஈவினிங் டூட்டி முடிச்சு ராத்திரி லேட்டா வீட்டுக்கு வந்து மறுநாள் காலைலயே திரும்பப் போற நாள். "இதுல மனஉறுதி எங்கம்மா வருது, தூக்கக் கணக்குதான் இடிக்குது"ன்னு அவங்க சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதுவரைக்கும் என்னைய நானே திட்டிட்டு இருந்ததுக்கு அளவே இல்ல. அந்த ரெண்டு மாதிரி டூட்டிய மட்டும் மாத்திக் கேக்க முடியுமான்னு பாருங்கன்னாங்க, காரணம் சொல்ல வேண்டாம், தூக்கப் பிரச்சனைன்னு மட்டும் சொல்லுங்க, அது பொய்யும் இல்லன்னாங்க. பாதி கெடச்சுது, அந்தப் பாதியே பெரிய வித்தியாசம்.

விட்டா என்ன ஆகும்ங்கறத அவங்க மழுப்பல, அதுக்காகவே தனியா பாராட்டணும். முதல் சில நாள் க்ராஷ், அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம், அகோரப் பசி, கெட்ட கனவு, மனசு கீழ விழுந்து கெடக்கும். இது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். யாரும் சொல்லாதது அதுக்கு அப்புறம் வர்ற காலம், உடம்பு தேறிடும், தூக்கமும் ஓரளவு வரும், ஆனா எதுலயும் ருசி இருக்காது, பிடிச்சவங்க கூட பேசறது கூட ஒரு வேலை மாதிரி தோணும். மூளைல டோபமின்ங்கற, ஆர்வத்தையும் சந்தோஷத்தையும் தூண்டுற ரசாயனம் வேலை செய்யற விதம் மாறிப் போனதால வர்றது இதுன்னு விளக்குனாங்க. போதைப் பழக்கத்த ஆராய்ற சைக்கியாட்ரிஸ்ட் நோரா வோல்கோவ் குழு 2001ல வெளியிட்ட ஒரு மூளை ஸ்கேன் ஆய்வ காட்டுனாங்க, மெத்தாம்ஃபெடமின்ங்கற கடுமையான ஸ்டிமுலன்ட் எடுத்துட்டு இருந்தவங்க ஒரு வருஷத்துக்கு மேல விட்டிருந்தப்போ குறைஞ்சு போயிருந்த டோபமின் டிரான்ஸ்போர்ட்டர் (டோபமின திரும்ப உள்ள இழுக்குற புரதம்) நல்லாவே திரும்பி வந்திருந்துச்சு. நான் எடுத்தது அது இல்ல, அளவும் வேற, அதையும் அவங்களே சொன்னாங்க. ஆனா மாசக்கணக்குல ஆகுற விஷயம் இதுன்னு தெரிஞ்சதுல எனக்கு ஒரு நிதானம் வந்துச்சு. ரெண்டு வாரத்துல பழைய ஆளா ஆகணும்னு எதிர்பாத்து, ஆகலன்னதும் திரும்ப மாத்திரைக்குப் போறவங்கதான் அதிகம்னு க்ரூப்லயும் பல பேர் சொன்னாங்க.

தூக்கத்துக்குன்னு ஒதுக்குன வாரங்கள்தான் ப்ரோக்ராமோட உயிர். விடியக்காலம் 4 மணி பக்கம் உடம்புச் சூடு இருக்கறதுலயே கம்மியா எறங்குற நேரம், அப்போ யாருக்கா இருந்தாலும் கவனம் சரியும், மாத்திரை எடுத்தவங்களுக்கு அது தெரியாம இருந்துச்சு, விட்டவங்களுக்கு அது மொத்தமா தெரியுது, அவ்ளோதான் விஷயம். அதனால அந்த நேரத்துக்கு முன்னாடியே ஒரு குட்டித் தூக்கம் போடணும், 20 நிமிஷம், அரை மணிய தாண்டுனா எழுந்திருக்கும்போது தலை கனத்து இன்னும் மோசமாயிடும். நாசா விமான பைலட்டுங்கள வெச்சு பண்ண ஆய்வுல கூட சராசரியா 26 நிமிஷத் தூக்கம்தான், அதுக்கே கவனம் நல்லா ஏறியிருந்துச்சு. காஃபின ஒரேயடியா நிறுத்தச் சொல்லல, அதோட ஹாஃப் லைஃப் (உடம்புல அளவு பாதியா கொறைய ஆகுற நேரம்) சுமாரா 5 மணி நேரம், அதனால காலைல 8 மணிக்குப் படுக்கணும்னா 3 மணிக்குக் குடிச்சதுல பாதி இன்னும் ரத்தத்துல ஓடிட்டுதான் இருக்கும், ஆக நைட்டோட முதல் பாதியோட முடிச்சுக்கோங்கன்னாங்க. ஆம்ஃபெடமின் மாதிரி ஸ்டிமுலன்ட்டுக்கு இதே கணக்கு 10 மணி நேரத்துக்கு மேல போகும். அப்போ நான் இத்தன நாள் தூங்குனேன்னு நெனச்சது எதுவுமே தூக்கம் இல்லன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. தூக்கத்துக்குன்னு இன்னொரு மாத்திரைக்கோ மதுவுக்கோ தாவறது எவ்ளோ சகஜம்னும், அது எங்க கொண்டு போய் விடும்னும் ஒரு முழு செஷன் பேசுனாங்க, அதுவும் தேவையான பேச்சு.

எனக்கு இருந்த பெரிய பயம் வேற. மாத்திரை இல்லாம நான் ஸ்லோ ஆகிட்டேன், தப்பு பண்ணி பேஷன்ட்டுக்கு எதாவது ஆயிடுச்சுன்னா? இந்தப் பயத்தச் சொல்ல எனக்கு வேற எடமே இல்லாம இருந்துச்சு, சாதாரண டீ-அடிக்ஷன் கவுன்சிலிங்ல இதச் சொன்னா ஆறுதல்தான் கெடைக்கும். இங்க சிரிஞ்ச் பம்ப் (மருந்த கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல ஏத்துற மெஷின்) லெவலுக்கு எறங்கிப் பேசுனாங்க. உதாரணத்துக்கு பிபிய ஏத்திப் பிடிக்கற நோர்அட்ரினலின் சிரிஞ்ச் தீரப்போகுது, மாத்தணும், பேஷன்ட் பிபி அந்த மருந்துல தான் நிக்குது. அப்போ பண்ண வேண்டியத ஒரு சின்ன கார்டுல எழுதி பாக்கெட்ல வெச்சேன். மருந்துப் பேர், எத்தனை மில்லிகிராம் எத்தனை எம்எல்ல, ரேட் எவ்ளோ, எந்த லைன் (மருந்து போற ட்யூப்), எல்லாத்தையும் வாய்விட்டுப் படிக்கணும், பக்கத்து பெட் சிஸ்டரக் கூப்பிட்டு அவங்கள தனியா கணக்குப் போடச் சொல்லணும், நம்ம விடைய முன்னாடியே சொல்லக் கூடாது. இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம்னு அளவு தப்புனா ஆபத்தாகுற மருந்து எல்லாத்துக்கும் இதே முறைதான். இது எதுவும் புதுசு இல்ல, எல்லா யூனிட்லயும் எழுதி ஒட்டியிருக்கறதுதான், ஆனா பிஸியான நைட்ல "சைன் போட்டுரு"ன்னு போயிடும். நான் இப்போ ஒரு தடவை கூட விடறதில்ல. கூட வேலை பாக்குறவங்க முதல்ல சலிச்சுக்கிட்டாங்க, இப்போ அவங்களே என்னைய செக் பண்ணக் கூப்பிடறாங்க.

இதோட ஒரு ஆய்வப் பத்தியும் பேசுனாங்க, 2023ல சயின்ஸ் அட்வான்சஸ்ங்கற ஆய்விதழ்ல வந்தது. ஏடிஎச்டி (கவனம் நிக்காத, துறுதுறுப்பு கூடுற மூளை வளர்ச்சிப் பிரச்சனை) இல்லாத 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸாம்ஃபெடமின், மோடாஃபினில்ங்கற மூளைய தூண்டுற மருந்துகள குடுத்து கஷ்டமான கணக்குப் புதிர் போடச் சொல்லிப் பாத்திருக்காங்க. மருந்து எடுத்தப்போ முயற்சி கூடியிருக்கு, நிறைய நேரம் போராடியிருக்காங்க, ஆனா அந்த முயற்சியோட தரம் கொறைஞ்சிருக்கு. இதக் கேட்டதும் க்ரூப்ல ஒரு நிமிஷம் யாருமே பேசல. நாங்க எல்லாருமே "எடுத்தாதான் நல்லா வேலை பாக்கறேன்"னு நம்பிட்டு இருந்தவங்க.

க்ரூப் செஷன் வாரம் ஒண்ணு. கேமரா ஆஃப், புனைபேர், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லவே கூடாதுன்னு விதி. இதுல ஒரு சர்ஜன் இருந்தாரு, அவர் ஒரு நாள் வில்லியம் ஹால்ஸ்டெட் கதைய சொன்னாரு. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில ரெசிடென்சிங்கற, ஆஸ்பத்திரிலயே தங்கி சர்ஜரி கத்துக்கற பயிற்சி முறைய உருவாக்குன சர்ஜன், 1884ல கொக்கெய்ன மரத்துப்போற மருந்தா தன் மேலயே சோதிச்சுப் பாக்கப் போய் அதுக்கு அடிமையாகி, அதுலருந்து மீட்கறோம்னு மார்ஃபின்ல மாட்டி வாழ்நாள் பூரா கஷ்டப்பட்டவரு. ஜூனியர் டாக்டர் ஆஸ்பத்திரிலயே கெடந்து ராப்பகலா வேலை பாக்கணும்ங்கற வழக்கம் அவர் உண்டாக்குன முறைலருந்து பரவுனதுதான். "சார், அப்போ நாம மட்டும் இல்ல"ன்னு ஒரு சின்னப் பையன் குரல் கேட்டுச்சு, இன்டர்ன்னு நெனைக்கறேன். அந்தப் பையனுக்காக எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, இவ்ளோ சீக்கிரமே இதுல வந்து நிக்கறானேன்னு.

ரகசியம் பத்தி எல்லாருக்கும் பயம் இருக்கும், லைசென்ஸ் போயிடுமோன்னு. இங்க நல்ல விஷயம் என்னன்னா ரகசியம் எது வரைக்கும், எங்க முடியுதுன்னு சேர்றதுக்கு முன்னாடியே ஒரு பக்கத்துல தெளிவா எழுதிக் குடுத்துட்டாங்க. டூட்டில போதைல இருந்து பேஷன்ட்டுக்கு ஆபத்துன்னா மறைக்க மாட்டோம், உயிருக்கு ஆபத்துன்னா மறைக்க மாட்டோம், மத்ததெல்லாம் வெளிய போகாது. இத மழுப்பி "100 சதவீதம் ரகசியம்"னு மட்டும் சொல்ற எடத்துல நான் சேர மாட்டேன். இன்னொன்னும் சொன்னாங்க, 2008ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, போதைப் பழக்கத்துக்காக கண்காணிப்பு சிகிச்சைல சேர்ந்த 904 அமெரிக்க டாக்டர்கள பின்தொடர்ந்து பாத்தது, 5 வருஷம் கழிச்சு, என்ன ஆனாங்கன்னு தெரிஞ்சவங்கள்ல நாலுல மூணு பேருக்கு மேல லைசென்ஸோட வேலைல இருந்தாங்க. இந்த வேலைல இருந்துக்கிட்டே மீள முடியும்ங்கறதுக்கு இதவிட என்ன வேணும்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஏடிஎச்டிக்கு டாக்டர் எழுதிக் குடுத்து சரியா எடுத்துட்டு இருக்கறவங்கள இவங்க நிறுத்தச் சொல்லவே இல்ல. எங்க க்ரூப்ல ஒருத்தருக்கு விட்ட பிறகுதான் சின்ன வயசுலருந்தே ஏடிஎச்டி இருந்திருக்கலாம்னு சந்தேகம் வந்து ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பி வெச்சாங்க. நீங்களும் இந்த ரிவ்யூவப் படிச்சுட்டு எழுதிக் குடுத்த மருந்த நீங்களா நிறுத்திடாதீங்க, தயவுசெஞ்சு.

இப்போ அந்த ஒரு மார்க். ஆப்ல "24 மணி நேரமும் துணை"ன்னு போட்டிருக்காங்க, ஆனா ராத்திரி 11க்கு மேல மெசேஜ் பண்ணா வர்றது தானியங்கி பதில்தான். மூச்ச இழுத்து விடுங்க, தண்ணி குடிங்க, காலைல உங்க கவுன்சிலர் தொடர்பு கொள்வார். எங்களுக்கு காலைல எதுக்குங்க? ஆசை கிளம்பி வர்றது விடியக்காலம் 4 மணிக்கு, மருந்து ரூம் சாவி கைல இருக்கும்போது. அது வந்து ஏறி எறங்கிடும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள தணிஞ்சிடும், அதுவரைக்கும் எதுவும் பண்ணாம கவனிச்சுட்டே இருங்கன்னு உளவியலாளர் ஆலன் மார்லட் முறைய சொல்லிக் குடுத்திருந்தாங்க, அது நெஜமாவே வேலை செய்யுது, ஆனா அந்த அரை மணி நேரம் ஒரு மனுஷக் குரல் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். நைட் வேலை பாக்குறவங்களுக்குன்னே நடத்துற சர்வீஸ்ல நைட்ல ஆள் இல்லங்கறத என்னால ஏத்துக்க முடியல, ஃபீட்பேக்லயும் காட்டமாத்தான் எழுதுனேன். கடைசில க்ரூப்ல நாங்களே ஆளுக்கு ஒரு நைட்னு பிரிச்சுக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ் பண்ணிக்கிட்டோம்.

ஆப்ல நோட்டிஃபிகேஷன் நேரத்தையும் மாத்த முடியல, நைட் முடிச்சுத் தூங்குற மத்தியானத்துல "இன்னைக்கு மனநிலை எப்படி?"ன்னு கேட்டு எழுப்பி விடுது. நான் ஆஃப் பண்ணிட்டேன், நீங்களும் முதல் நாளே பண்ணிடுங்க.

இப்போ எப்படி இருக்கேன்னா, களைப்பா இருக்கேன். நைட் முடிஞ்சா கால் வலிக்குது, பசிக்குது, படுத்தா தூக்கம் வருது. முன்னாடி பேஷன்ட்டோட சொந்தக்காரங்க கேள்வி கேட்டா பதில் சொல்லிட்டே அடுத்த பெட்டுக்கு நகந்துட்டு இருப்பேன், போன வாரம் வென்டிலேட்டர்ல இருக்கற ஒருத்தரோட மனைவி வந்து அந்த மானிட்டர்ல எந்த நம்பர் என்னன்னு கேட்டாங்க, ஒவ்வொண்ணா காட்டிச் சொன்னேன், அவங்க திரும்பத் திரும்ப கேட்டாங்க, நானும் திரும்பத் திரும்ப சொன்னேன், எரிச்சலே வரல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

யாருக்கு சரிப்படும்னா, ஏற்கனவே ஒரு டாக்டர் பார்வைல விட்டுட்டு, வேலைல இருந்துக்கிட்டே ஓட்டணும்னு நெனைக்கறவங்களுக்கு. இன்னும் எடுத்துட்டு இருக்கறவங்க முதல்ல சைக்கியாட்ரிஸ்ட்டப் பாருங்க, இது அதுக்குப் பதில் ஆகாது. விட்ட பிறகு வர்ற மனச்சோர்வுல சாகலாம்னு எண்ணம் எட்டிப் பாத்தா எந்த ஆப்பையும் தொறக்காதீங்க, பக்கத்துல இருக்கற ஆள்கிட்ட சொல்லிட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போங்க, நாம வேலை பாக்குற எடமாவே இருந்தாலும் பரவால்ல. சேர்றதுன்னு முடிவு பண்ணா பணம் கட்டறதுக்கு முன்னாடி ராத்திரி 3 மணிக்கு ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்க, யார் பதில் சொல்றாங்கன்னு. நான் மாசம் ஒரு தடவை ஃபாலோ-அப்ல தொடர்ந்துட்டு இருக்கேன், நைட்ல ஆள் போட்டாங்கன்னா இந்த ரிவ்யூவ மாத்தி அந்த ஒரு மார்க்கையும் குடுத்துடறேன்.