பார்சிலோனாவா, பாரிஸா: இரண்டு பிக்காசோ அருங்காட்சியகங்கள்

பிக்காசோவுக்கென்றே அமைந்த அருங்காட்சியகங்களுள் பார்சிலோனாவில் 1963இல் திறக்கப்பட்டதும் பாரிஸில் 1985இல் திறக்கப்பட்டதும் முதன்மையானவை. ஒன்றுக்கு மட்டுமே நேரம் வாய்ப்பவர், ஓவியரின் எந்தப் பருவத்தைக் காண விரும்புகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

மொன்காடா தெருவின் இடைக்கால மாளிகைகளில் இயங்கும் பார்சிலோனா அருங்காட்சியகம் இளமைக்காலப் படைப்புகளுக்குப் பெயர்பெற்றது. பதினைந்து வயதில் அவர் தீட்டிய ‘அறிவியலும் அறமும்’ என்ற பெரிய ஓவியத்தின் முன் நிற்கும்போது, மரபு வழியை முழுமையாகக் கற்றுத் தேர்ந்த பிறகே அவர் அதை உடைத்தார் என்பது, எந்த விளக்கவுரையும் இன்றி நமக்குப் புலப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஓவியமொன்றை மீண்டும் மீண்டும் மாற்றி வரைந்து 1957இல் அவர் உருவாக்கிய ‘லாஸ் மெனினாஸ்’ வரிசையும் இங்குதான் உள்ளது. என் கணிப்பில், அந்த வரிசைக்காக மட்டுமே இங்கு வரலாம். ஆயினும் உருவங்களை வடிவியல் துண்டுகளாக உடைத்து வரைந்த அவருடைய கியூபிசக் காலத்தைத் தேடி வருபவர் ஏமாற்றமடைவார்.

பாரிஸ் அருங்காட்சியகமோ அவருடைய வாழ்நாள் முழுவதையும் தழுவியது. 1973இல் அவர் மறைந்தபின் வாரிசுகள் மரபுரிமை வரிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைத்த படைப்புகளே இதன் அடித்தளம். உப்பு வரி வசூலித்தவர் கட்டிய மாளிகையில் வரியாக வந்த கலை குடியிருப்பது சுவையான பொருத்தம்தான். மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்து அவர் செய்த காளைத்தலை உள்ளிட்ட சிற்பங்களே இதன் தனிப்பலம்.

போரின் கொடுமையைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற ஓவியமான ‘குவெர்னிகா’ இரண்டிலும் இல்லை. அதற்கு மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.